பக்கத்துத் தறிக்காரன் சொன்ன பதில்

முதலியார்பேட்டையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பலராமனுக்குக் காது போனது முப்பத்துநாலு வருஷம் மில்லில் தறி ஓட்டியதால்தான் என்பார்கள். டீக்கடைக்காரர் அப்படித்தான் சொல்வார், முடிவெட்டுகிறவர் அப்படித்தான் சொல்வார், அவன் சம்சாரம் குஞ்சம்மாளும் அப்படித்தான் சொல்வாள். இந்தக் கதையை ஊரெல்லாம் கொண்டுபோய் விட்டவன் நான். அது பொய். மில் எடுத்துக்கொண்டது அவன் காதில் கால்வாசிகூட இருக்காது. மீதியை வாங்கியது ஓர் ஊசி மருந்து. பாதியில் நின்றிருக்க வேண்டிய அந்த ஊசியைக் கடைசி வரை போடவைத்தது என்னுடைய வாய்.

என் வாய் ஒரு முந்திரிக்கொட்டை. கேட்கிறவர்கள் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடும். என் பெயர் தேவதாஸ். நானும் பலராமனும் ஒரே வருஷம், அறுபத்தெட்டில், மில்லில் சேர்ந்தோம். ஆளுக்கு நாலு தறி. அவனுடைய நாலும் என்னுடைய நாலும் பக்கத்தில் பக்கத்தில். ஒரே ஷிப்டு, ஒரே சாப்பாட்டு நேரம். அவன் உயரம், ஒல்லி, பேச்சுக் குறைவு. புதுச்சேரியில் பிறந்து வளர்ந்து, தெருவுக்கு ஒரு சாராயக்கடையைத் தாண்டித் தாண்டி வேலைக்குப் போய்வந்து, ஒரு சொட்டு வாயில் வைக்காதவன். அதற்காக நாங்கள் அவனைப் பண்ணாத கேலி கிடையாது.

எங்கள் தறிப் பிரிவில் இருநூறு தறிகள் ஒரே நேரத்தில் ஓடும். காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. சத்தமே வராமல் வாயை மட்டும் அகலத் திறந்து பேசுவோம், எதிரே இருப்பவன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். சேர்ந்த ஆறு மாதத்தில் எல்லாருக்கும் வந்துவிடும். பலராமனுக்கு மட்டும் அது வேறு மாதிரி வந்தது. ஐம்பதடி தள்ளி மேஸ்திரியும் சூப்பர்வைசரும் தங்களுக்குள் பேசிக்கொள்வதைப் படித்துவிடுவான். படித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இன்னிக்கு ரெண்டு பேருக்கு மெமோ, நீ ஒழுங்கா நில்லு" என்பான். மேஸ்திரிக்குக் கடைசி வரை இந்த ரகசியம் எப்படிக் கசிகிறது என்று தெரியவில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. இழை அறுந்து, குனிந்து முடிந்துகொண்டிருப்பவனிடம் மேஸ்திரி வந்து எதையாவது கேட்டால், அவன் நிமிர்ந்து பார்க்க நேரம் ஆகும். மேஸ்திரிக்குப் பொறுமை கிடையாது. அதனால் பக்கத்துத் தறிக்காரன் பதில் சொல்லிவிட வேண்டும். எத்தனை கஜம் ஓடியது, தறியில் ஏற்றிய பாவு நூல் எப்போது தீரும், நேற்று ஏன் வரவில்லை, எல்லாவற்றுக்கும். பலராமனுக்காக நான் சொன்ன பதில்களை எண்ணினால் ஆயிரக்கணக்கில் வரும். அவனுக்கு ஜுரம், அவன் மாமனார் செத்துவிட்டார், அவன் மூத்திரம் போய்விட்டு இப்போதுதான் வந்தான். அவன் நிமிர்ந்து பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுவான்.

காது இரைச்சல் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தறிப் பிரிவில் அது இல்லாதவன் ஆளே இல்லை. ஷிப்டு முடிந்து வெளியே வந்தாலும் காதுக்குள் ஒரு 'ம்ம்ம்' ஓடிக்கொண்டே இருக்கும். புதுப் பையன்களுக்கு அது முதல்முறை வரும் அன்றைக்கு அவர்கள் எல்லாருக்கும் டீ வாங்கித்தர வேண்டும். மில்லு காது வந்துவிட்டது, இனி நீ தறிக்காரன் என்று தோளில் தட்டுவோம்.

ரெண்டாயிரத்து ரெண்டில் இரண்டு பேரும் மில்லிலிருந்து வெளியே வந்தோம். அடுத்த வருஷம் பலராமனுக்கு இருமல் பிடித்தது. சளியைப் பரிசோதித்து டிபி என்றார்கள். வீட்டுக்குப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாள் போய், அங்கேயே அவர்கள் கண்முன்னால் மாத்திரையை விழுங்க வேண்டும். ஆறு மாதம். ஒரு பிடி மாத்திரை. முதல் நாளே மூத்திரம் செம்மண் கலரில் போயிற்று என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"இன்னாடா இது, சாயத் தொட்டியாட்டம் இருக்குது?"

"மருந்துக் கலருடா. சொல்லித்தானே அனுப்பினாங்க."

அதைப் பொறுத்துக்கொண்டான். வாந்தியைத்தான் பொறுக்க முடியவில்லை. மாத்திரை போட்ட அன்று சோறு உள்ளே தங்காது. முட்டிக்கு முட்டி வலி, கட்டிலிலிருந்து எழுந்திருக்க ஒருவர் கைகொடுக்க வேண்டும். இரண்டரை மாதத்தில் இருமல் நின்றது, உடம்பு கொஞ்சம் தேறியது. நோய் போய்விட்டது, இனி மருந்துதான் நோய் என்று அவனாக முடிவு பண்ணினான். மகள் கலைவாணி திருப்பூரில் இருக்கிறாள், மருமகன் அங்கே பனியன் கம்பெனியில். அங்கே போவதாகச் சுகாதார நிலையத்தில் சொல்லிவிட்டு, போகாமல் வீட்டிலேயே ஒளிந்துகொண்டான். எனக்கே ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

ரெண்டாயிரத்து அஞ்சு பொங்கலுக்கு முன்னால் இருமலில் ரத்தம் வந்தது.

இந்தமுறை டாக்டர் பிடித்துக் கிழித்தார். நடுவில் விட்டதால் கிருமி திமிர் பிடித்துத் திரும்பி வந்திருக்கிறது, இனிமேல் எட்டு மாதம், முதல் இரண்டு மாதம் மாத்திரையோடு ஊசியும் உண்டு, வாரத்துக்கு மூன்று, மொத்தம் இருபத்துநாலு, இதையும் விட்டால் அப்புறம் தன்னைப் பார்க்க வரவேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் குஞ்சம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு முன்னால் அவள் என் கையைத் தொட்டதே இல்லை.

"அண்ணே, என் பேச்ச அவரு கேக்கமாட்டாரு. நீங்கதான் இட்டுக்கினு போவணும், இட்டுக்கினு வரணும். வலிக்குதுன்னு சொல்லுவாரு, மயக்கமா வருதுன்னு சொல்லுவாரு. எதுக்கும் உட்டுக்கொடுக்காதீங்க."

"நீ கவலய உடும்மா. இருவத்திநாலு ஊசியும் முடியாம அவன உடமாட்டேன்."

சொன்னபடி செய்தேன். என் வாழ்க்கையில் சொன்னபடி முழுசாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

திங்கள், புதன், வெள்ளி. காலை எட்டரைக்கு என் டிவிஎஸ் ஃபிப்டியில் அவனை ஏற்றிக்கொண்டு போவேன். என் சம்சாரம் போய்ச் சேர்ந்து பல வருஷம், பையன் ஓசூரில் வேலையில் இருக்கிறான், எனக்கும் வேறு வேலை கிடையாது. ஊசி போடுகிறவள் பூர்ணிமா என்று ஒரு சிஸ்டர், காலாப்பட்டுப் பெண். தினமும் பஸ்ஸில் வருவாள். சின்னப் பெண், ஆனால் கண்டிப்பு. ஊசி போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விகள். தலை சுற்றுகிறதா, காதில் இரைச்சல் இருக்கிறதா, மூத்திரம் ஒழுங்காகப் போகிறதா. அட்டையில் குறித்துக்கொண்டுதான் மருந்தைக் கலப்பாள். ஊசி போட்ட அரை மணி நேரத்தில் பலராமனுக்கு உதட்டைச் சுற்றி மரத்துப்போகும். டீ குடித்தால் ஓரத்தில் வழியும், அவனுக்குத் தெரியாது. நான் துடைத்துவிடுவேன். அது இரண்டு மணி நேரத்தில் சரியாகிவிடும், பயப்படாதீர்கள் என்று சிஸ்டர் சொல்லியிருந்தாள்.

எட்டு ஊசி வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. ஒன்பதாவது ஊசி, வெள்ளிக்கிழமை. பலராமன் பெஞ்சில் குப்புறப் படுத்து வேட்டியைத் தளர்த்திக்கொண்டிருந்தான். சிஸ்டர் வழக்கம்போலக் கேட்டாள்.

"பெரியவரே, காதுல எதுனா சத்தம் கேக்குதா? கொய்யுன்னு இரைச்சல் மாதிரி?"

அவன் முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. தலையை அவள் பக்கம் திருப்பி வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன்.

"அவனுக்கு முப்பது வருஷமா இரைச்சல்தான் சிஸ்டர். மில்லு காது அது. எனக்கும்தான் இருக்குது, எனக்கும் ஒரு ஊசி போட்டுவுடு."

அவள் சிரித்தாள். வரிசையில் நின்ற இன்னொரு ஆளும் மில்காரர், அவரும் சிரித்தார். பலராமன் திறந்த வாயை மூடிக்கொண்டான். நிமிர்ந்து தலையை ஆட்டினான், தறியில் ஆட்டுகிற மாதிரியே. சிஸ்டர் அட்டையில் என்னவோ எழுதினாள், ஊசியைப் போட்டாள்.

அன்றைக்கு வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது அவன் என் தோளைத் தட்டினான்.

"டேய், மில்லு இரைச்சல் வேற. அது அடியில ஓடும். இது மேல கேக்குது, குக்கர் விசிலாட்டம். ரெண்டு நாளா நிக்கல."

"வயசாயிடுச்சில்ல, சுதி ஏறியிருக்கும்."

"வெளயாடாத. திங்கக்கெழம அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணும்."

"சொன்னா இன்னா பண்ணுவா? ஊசிய நிறுத்துவா. அதானே உனக்கு வேணும்? போன தடவ திருப்பூர், இந்தத் தடவ குக்கரா?"

அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். எனக்கு அப்போது கோபம். ஒருமுறை ஏமாற்றியவன் மறுபடியும் ஏமாற்றப் பார்க்கிறான், குஞ்சம்மாளுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன், என்னிடமா உன் வேலை என்கிற கோபம். அவனைக் காப்பாற்றுகிறேன் என்ற திமிரும் கூட இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வாரம் சிஸ்டர் கேட்டபோதும் நான்தான் பதில் சொன்னேன். அதற்கடுத்த வாரமும். அதற்கப்புறம் அவளே, "மில்லு காது, தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போக ஆரம்பித்தாள். அவள்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்டாள், அவளுக்குக் கிடைத்த பதில் அது. பலராமன் ஒருநாள் படிக்கட்டில் இறங்கும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். தலை சுற்றுகிறது என்றான். வெறும் வயிற்றில் இவ்வளவு மாத்திரை போட்டால் சுற்றாமல் என்ன செய்யும் என்று சொல்லி இரண்டு இட்லி வாங்கிக்கொடுத்தேன்.

இருபத்துநாலாவது ஊசி போட்ட அன்றைக்குக் குஞ்சம்மாள் கேசரி கிண்டினாள். எனக்குத்தான் முதல் தட்டு.

கலைவாணி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் பண்ணுவாள். பலராமன் வாரம் முழுக்க அதற்காகவே இருப்பான். மில்லில் வாய் பேசாமலே காலத்தை ஓட்டியவன் மகளிடம் மட்டும் அரை மணி நேரம் பேசுவான். என்ன குழம்பு வைத்தாய், மழை பெய்ததா, மாப்பிள்ளைக்கு ஓவர்டைம் உண்டா, ஒன்று விடமாட்டான். ஊசி முடிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். போனை வலது காதில் வைத்தான், இடது காதில் வைத்தான், மறுபடி வலது காதில். "லைன் சரியில்ல" என்று சொல்லிக் குஞ்சம்மாளிடம் கொடுத்துவிட்டான். அடுத்த வாரமும் லைன் சரியில்லை. மூன்றாவது வாரம் போன் மணி அடித்தபோது அவன் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. குஞ்சம்மாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

காது மட்டும் போகவில்லை, கால் நிதானமும் போயிற்று. நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து போவான், சுவரைத் தொட்டுக்கொண்டே போவான். விளக்கில்லாத இடம் என்றால் நிற்கவே முடியாது. கடலூர் ரோட்டில் ஒருநாள் சாயங்காலம் தள்ளாடித் தள்ளாடி வந்தவனை, சைக்கிளில் போன ஒருத்தன், "பெருசு, அளவா ஊத்திக்கக்கூடாது?" என்று கேட்டுவிட்டுப் போனான். புதுச்சேரியில் தள்ளாடினால் வேறு என்ன நினைப்பார்கள். ஒரு சொட்டுக் குடிக்காதவன். அவனுக்கு அது காதில் விழவில்லை, ஆனால் அந்த ஆளின் வாயைப் பார்த்திருப்பான். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் வெளியே போகவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். காது பார்க்கிற இடத்தில் ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த மாதிரி இருக்கும், முன்பக்கம் கெட்டிக் கண்ணாடி. உள்ளே உட்காரவைத்துக் காதுக்குக் கருவி மாட்டிக் கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே இருந்து ஒரு பெண் பொத்தான் பொத்தானாக அழுத்தினாள். சத்தம் கேட்டால் உள்ளே இருப்பவர் கையைத் தூக்க வேண்டும். பலராமன் கையை மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில் ஒரே ஒரு தடவை தூக்கினான். அதுவும் அவன் சும்மா தூக்கியதாகத்தான் எனக்குப் பட்டது.

டாக்டர் அந்தத் தாளைப் பார்த்தார், பழைய மருந்து அட்டையைப் பார்த்தார். பலராமன் இன்னும் உள்ளே இருக்க, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றே என்னிடம் பேசினார். என் முகம் கண்ணாடியைப் பார்த்து இருந்தது, அவர் முதுகு கண்ணாடிப் பக்கம்.

"இது மில்லுனால வந்தது இல்லீங்க. அந்த ஊசி மருந்து சில பேருக்குக் காது நரம்பப் பாதிக்கும். போன நரம்பு திரும்பாது, மிஷின் வெச்சாலும் பெருசா பிரயோஜனம் இருக்காது. முதல்ல புதுசா இரைச்சல் வந்தப்பவே சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாங்க, இவ்ளோ போயிருக்காது. கேட்டிருப்பாங்களே, சொல்லலியா அவரு?"



"அவன் சொல்ல வந்தான் சார். நான்தான் சொல்லவுடல. மில்லு காதுன்னு நான்தான் பதில் சொன்னேன்."

அவர் அட்டையை மூடி வைத்தார். பிறகு, அவரிடம் எழுதிக்காட்டி விளக்கிவிடலாம் என்றார்.

"வேணாம் சார். அவன்கிட்ட சொல்லாதீங்க. நானே பக்குவமா சொல்லிக்கிறேன்."

"அவரு காதுங்க. அவருக்குத் தெரியணும்."

"நான் சொல்லிக்கிறேன் சார். சத்தியமா."

கதவைத் திறந்து பலராமனை வெளியே கூட்டிவந்தார்கள். என்னைப் பார்த்து, "இன்னா சொன்னாரு?" என்று கேட்டான். அவன் குரல் அப்போதே உரக்க ஆரம்பித்திருந்தது, தன் குரல் தனக்குக் கேட்காததால். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். நான் சத்தமில்லாமல், தறிப் பேச்சில், "மில்லு காதுதானாம். வயசானதால அதிகமாயிடுச்சாம்" என்றேன். அவன் என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தான். தலையை ஆட்டினான்.

எட்டு மாதம் முடிந்து சளியில் கிருமி இல்லை என்று வந்தது. அட்டையில் குணமானார் என்று எழுதிக் கொடுத்தார்கள். குஞ்சம்மாள் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். உயிர் பிழைத்தான், அது உண்மை. அந்த மருந்து இல்லாவிட்டால் அன்றைக்கே போய்ச் சேர்ந்திருப்பான், அதுவும் உண்மை. ராத்திரி படுத்தால் இந்த இரண்டு உண்மையையும் சொல்லித்தான் நான் என்னைச் சமாதானம் பண்ணிக்கொள்வேன். தூக்கம் மட்டும் வராது.

அதற்கப்புறம் நாலு வருஷம். தினமும் காலையில் அவன் வீட்டுக்குப் போவேன். அவனோடு தடங்கல் இல்லாமல் பேச முடிந்த ஒரே ஆள் நான்தான். குஞ்சம்மாள் கத்துவாள். பேசிக்கொண்டே அடுப்புப் பக்கம் திரும்பிவிடுவாள், அவனுக்குப் பாதி வார்த்தை போய்விடும். கலைவாணி வருஷத்துக்கு ஒருமுறை வரும்போது அப்பா கேட்க வேண்டும் என்று அவன் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துப் பேசுவாள். காதுக்குப் பக்கத்தில் வைத்தால் அவனுக்கு உதடு எப்படித் தெரியும்? அவன் சும்மா சிரித்துக்கொண்டிருப்பான். எங்கள் இரண்டு பேருக்குத்தான் அந்தச் சிரமம் இல்லை. எதிரெதிரே நாற்காலி போட்டுச் சத்தமே இல்லாமல் ஒரு மணி நேரம் பேசுவோம். "ஊமைங்க ரெண்டு உக்காந்திருக்குது" என்று குஞ்சம்மாள் அலுத்துக்கொள்வாள்.

ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்புவேன். தெருமுனை வரை வார்த்தை தயாராக இருக்கும். அவன் முன்னால் உட்கார்ந்ததும் மழையைப் பற்றிப் பேசுவேன், பென்ஷனைப் பற்றிப் பேசுவேன். சில சமயம் பேச்சு தானாகவே நின்றுவிடும். அவன் என் உதட்டைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பான், முழுசாக இரண்டு நிமிஷம்கூட. அவன் பொறுமைசாலி என்று நினைத்துக்கொள்வேன். பிறகு நான் எழுந்து வந்துவிடுவேன். டீக்கடையில் யாராவது கேட்டால், மில்லு அவன் காதைத் தின்னுடுச்சி என்பேன்.

ரெண்டாயிரத்து ஒன்பது ஐப்பசியில் என் கால் புண்ணானது. எனக்குச் சர்க்கரை உண்டு. செருப்புக் கடித்த காயம் பாதம் முழுக்கச் சீழ் வைத்து, குளிர்ஜுரம் வந்து, வார்டில் சேர்த்தார்கள். பையனுக்கு லீவு கிடைக்கவில்லை. பலராமன்தான் துணைக்கு வந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு, கட்டில் கட்டிலாகத் தொட்டுக்கொண்டு, கஞ்சிப் பாத்திரத்தோடு வந்து நின்றான். வேண்டாமடா, விழுந்துவிடப் போகிறாய் என்றேன். பாத்திரத்தைத் திறந்து ஸ்பூனைக் கையில் கொடுத்தான்.

மூன்றாம் நாள் பகல். மருந்து ஏறி ஏறி எனக்கு நாக்கெல்லாம் கசந்து வாந்தியாக வந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிப் படுத்திருந்தேன். வேறு மருந்து மாற்றியிருக்கிறார்கள் என்று ஒரு நர்ஸ் புது ஊசியோடு வந்தாள். நான் தூங்குகிறேன் என்று நினைத்துப் பலராமனிடம் கேட்டாள்.

"தாத்தா, இவருக்கு முன்னாடி எந்த மருந்துனா ஒத்துக்காம போயிருக்கா? நேத்திலேருந்து தலைசுத்தல், காது இரைச்சல் எதுனா சொன்னாரா?"

எனக்குக் கண்ணைத் திறக்கத் தெம்பில்லை. பலராமனின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது.

"அவனையே கேளும்மா! எழுப்பிக் கேளு. அவன் காது, அவன்தான் சொல்லணும். கூட வந்தவன்கிட்ட மட்டும் கேக்காத."

நான் கண்ணைத் திறந்தேன். நர்ஸ் திகைத்து நின்றாள். பலராமன் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். நர்ஸ் என்னைக் கேட்டாள், நான் இல்லை என்று என்னவோ சொன்னேன், அவள் ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அவன் வாயை அகலத் திறந்து, சத்தம் இல்லாமல், தறியில் பேசுகிற மாதிரி பேசினான்.

"அன்னைக்குக் கண்ணாடி ரூமுல உக்காந்து உன் வாயத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

சத்தம் போகாத அறை என்று நினைத்தேனே. இருநூறு தறிச் சத்தத்தில் ஐம்பதடி தூரத்து மேஸ்திரியைப் படித்தவனுக்கு ஒரு கண்ணாடி எம்மாத்திரம்? முப்பத்துநாலு வருஷம் அவன் பக்கத்தில் நின்றவனுக்கு அது தோன்றவில்லை.

"அப்பவே ஏண்டா கேக்கல?" என்றேன்.

"நீ சொல்றேன்னு டாக்டர்கிட்ட சொன்னியே. சத்தியம்கூடப் பண்ணே. சொல்லுவேன்னு பாத்தேன்." என் போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டான். "அன்னைக்கு வெளிய வந்தவொடனே கேட்டேன். அப்புறம் தெனமும் உன் வாயப் பாத்துக்கினுதான் உக்காந்திருந்தேன்."

நாலு வருஷம். தினமும் ஒரு மணி நேரம். மழையைப் பற்றியும் பென்ஷனைப் பற்றியும் நான் பேசப் பேச, இவன் வேறொன்றுக்காக என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எழுந்து உட்கார்ந்தேன். காலில் வலி சுரீர் என்று ஏறியது. என்னை மன்னித்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

பலராமன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நான் பேசினேன். சத்தம் போட்டே பேசினேன். சிஸ்டர் பூர்ணிமா கேட்டது, நான் பதில் சொன்னது, குக்கர் விசில் என்று அவன் சொன்னது, நான் கேலி பண்ணியது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அவன் முதுகைப் பார்த்துச் சொன்னேன். எதிர்க் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து பார்த்தார். நர்ஸ் மருந்துத் தட்டைப் பிடித்தபடி நின்று பார்த்தாள். பலராமன் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து கஞ்சிப் பாத்திரத்தை எடுத்து, குழாயடியில் கழுவிக்கொண்டு வருவதற்காகச் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போனான்.